செப்சிஸ் வந்த உடம்பில் ஜீன்கள்: எது திறக்கிறது, எது மூடிக்கொள்கிறது

ஆய்வகங்களில் சி3எச்-எச்இஜே என்று ஒரு சுண்டெலி இனம் உண்டு. சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் எல்பிஎஸ் என்றொரு பொருள் இருக்கும். அதைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால் மற்ற சுண்டெலிகள் சுருண்டு படுத்து, அதிர்ச்சி நிலைக்குப் போய்ச் செத்துவிடும். இந்த இனம் மட்டும் அதே அளவை வாங்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடித் திரியும். அடடா, இப்படி ஒரு உடம்பு நமக்கு வாய்த்தால் செப்சிஸ் பயமே இல்லையே என்று தோன்றும். ஆனால் அதே சுண்டெலிக்கு உயிருள்ள சால்மோனெல்லா பாக்டீரியாவைக் கொஞ்சமே கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், மற்ற இனங்கள் சமாளித்துவிடும் அளவிலேயே இது செத்துப்போகும். 1998-இல் புரூஸ் பாய்ட்லரின் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: டிஎல்ஆர்-4 என்ற புரதத்துக்கான ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. பாக்டீரியா வந்திருக்கிறது என்று செல்லுக்குத் தகவல் சொல்ல வேண்டிய புரதம் அதுதான். தகவல் போகாததால் ரகளையும் இல்லை, காவலும் இல்லை. பாய்ட்லருக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செப்சிஸைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்தச் சுண்டெலியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் 'கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் விஷமாகிவிட்டது' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது பாதிக் கதைதான். 2016-இல் மருத்துவ நிபுணர்கள் கூடி எழுதிய வரையறை என்ன சொல்கிறதென்றால், தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை தாறுமாறாகி, அதனால் உறுப்புகள் பழுதாகி, உயிருக்கே ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். பற்ற வைப்பது கிருமி, கொழுந்துவிட்டு எரிய வைப்பது பெரும்பாலும் நம் செல்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அந்தக் கதை. (கிருமியும் சேதம் செய்யத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் கொடுப்பதுதான் இன்றைக்கும் முதல் வேலை.) 2017-இல் மட்டும் உலகத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த ஆண்டு இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

சரி, அந்த 'தாறுமாறு' என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது? அதைப் பார்க்க நோயெதிர்ப்புச் செல்லின் உட்கருவுக்குள் போக வேண்டும்.

உங்கள் ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுவிலும் மூளைச் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான், சுமார் 20,000 புரதங்களுக்கான ஜீன்கள் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கின்றன. வித்தியாசம் எதில் என்றால், எந்தச் செல் எந்த ஜீனைப் படிக்கிறது, எவ்வளவு நேரம் படிக்கிறது, எப்போது நிறுத்துகிறது என்பதில். ஒரு ஜீன் 'இயங்குகிறது' என்று சொன்னால், அதிலிருந்து தூது ஆர்என்ஏ என்ற தற்காலிகப் பிரதி எடுக்கப்படுகிறது, அந்தப் பிரதியைப் பார்த்துப் புரதம் தயாராகிறது என்று அர்த்தம். இந்தப் படிப்பதையும் நிறுத்துவதையும் தீர்மானிக்கிற ஏற்பாடு முழுவதையும் சேர்த்துத்தான் ஜீன் ஒழுங்குபாடு என்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத உட்கருவுக்குள் வைக்க வேண்டும். அதனால் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூலைக் கண்டில் சுற்றுவதுபோல் சுற்றி வைத்திருக்கிறது, ஒவ்வொரு உருளையிலும் 147 எழுத்து நீளம். இறுக்கமாகச் சுற்றி அடுக்கிய இடத்தில் இருக்கும் ஜீனைப் படிக்கவே முடியாது. தளர்த்தி விட்டால்தான் முடியும். எந்த இடத்தைத் தளர்த்துவது, எதை இறுக்குவது என்பதற்கு ஹிஸ்டோன்களின் வால்பகுதியில் அசிட்டைல், மெத்தில் போன்ற சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஒட்டப்படுகின்றன. சாக்பீஸில் குறி போடுவது மாதிரிதான், டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை. ஆனால் குறி கொஞ்ச நாள் நிற்கும்.

இப்போது ஒரே ஒரு மோனோசைட்டைப் பிடித்துக்கொண்டு அதன் முதல் இரண்டு மணி நேரத்தைப் பார்க்கலாம். மோனோசைட் என்பது ரத்தத்தில் சுற்றும் ஒரு வகை வெள்ளையணு.

அதன் மேற்பரப்பில் டிஎல்ஆர்-4 இருக்கிறது. எல்பிஎஸ் வந்து அதில் ஒட்டுகிறது. செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறது. டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து ஜீன்களைப் படிக்கத் தூண்டும் இப்படிப்பட்ட புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். ஆனால் அதன் மேல் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பதால் அது உட்கருவுக்குள் நுழைய முடியாது. டிஎல்ஆர்-4 தகவல் அனுப்பிய சில நிமிடங்களில் ஒரு நொதி ஐ-கப்பா-பியின் மேல் பாஸ்பேட் குறியை ஒட்டுகிறது, குறி விழுந்த ஐ-கப்பா-பி செல்லின் குப்பை அரைக்கும் எந்திரத்துக்குப் போய்த் துண்டு துண்டாகிறது, பிடி விட்டதும் என்எஃப்-கப்பா-பி நேராக உட்கருவுக்குள் ஓடுகிறது. புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை, இருப்பதை அவிழ்த்து விட்டால் போதும். வேகத்தின் ரகசியம் அதுதான். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்ட்டிமோரும் 1986-இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தபோது அது பி செல்கள் என்ற ஒரு வகைக்கு மட்டுமே சொந்தமானது என்று தோன்றியது, பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பி' அதனால் வந்ததுதான். பிறகுதான் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் இது கட்டுண்டு கிடக்கிறது என்று தெரிந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே போன என்எஃப்-கப்பா-பிக்கு எல்லா ஜீனும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் ஜீன் ஏற்கெனவே தளர்ந்து, படிக்கத் தயாராக இருக்கிறது, அதனால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் ஆர்என்ஏ பிரதிகள் குவிந்துவிடும். இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தின் ஜீன் அப்படி இல்லை. அந்த இடத்து ஹிஸ்டோன்களை முதலில் நகர்த்த வேண்டும், முதல் அலையில் உருவான சில துணைப் புரதங்களும் வந்து சேர வேண்டும், அப்புறம்தான் அது திறக்கும். ஆக, ஒரே தகவலுக்கு ஜீன்கள் வரிசை போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. யார் முதலில், யார் பிறகு என்பது டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறது.

நிறுத்துவது எப்படி என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். என்எஃப்-கப்பா-பி உள்ளே போய் எழுப்பும் முதல் சில ஜீன்களில் ஒன்று எது தெரியுமா? ஐ-கப்பா-பியின் ஜீன். தன்னைக் கட்டிப்போடுகிறவனைத் தானே வரவழைக்கிறது. புதிய ஐ-கப்பா-பி தயாராகி உட்கருவுக்குள் வந்து என்எஃப்-கப்பா-பியைப் பிடித்து வெளியே இழுத்துப்போகிறது. வெளியே தகவல் இன்னும் வந்துகொண்டிருந்தால் இந்தப் புதிய ஐ-கப்பா-பியும் அழிக்கப்படும், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. செல்லுக்குள் ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், டிஎன்எஃப் கொடுத்துக்கொண்டே இருந்தால் சுமார் 100 நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி ஊசலாடுவதைக் கண்டார்கள்.

இது ஒரு பிரேக்தான். இன்னும் பல இருக்கின்றன. டிஎன்எஃப்பின் ஆர்என்ஏ பிரதியின் வால்பகுதியில் ஏ, யு என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். டிடிபி என்ற புரதம் அந்த வாலைப் பிடித்துப் பிரதியைச் சீக்கிரமே சிதைக்க வைக்கிறது. இந்த டிடிபி இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் எந்தத் தொற்றும் இல்லாமலேயே டிஎன்எஃப் மிகையாகி, உடல் மெலிந்து, மூட்டு வீங்கிக் கஷ்டப்படுகின்றன. மைக்ரோஆர்என்ஏ-146ஏ என்றொரு குட்டி ஆர்என்ஏ, டிஎல்ஆர் தகவலைக் கடத்தும் புரதங்களின் தயாரிப்பையே குறைக்கிறது, அதை எழுப்புவதும் என்எஃப்-கப்பா-பிதான். இன்டர்லூக்கின்-10 என்ற அமைதிப்படுத்தும் புரதம் வெளியே போய்ப் பக்கத்துச் செல்களையும் அடக்கச் சொல்கிறது.

விரலில் முள் குத்திச் சீழ் பிடிக்கும்போதும் நடப்பது ஏறத்தாழ இதேதான். ஓர் இடத்தில் நடக்கும், கிருமி ஒழியும், பிரேக்குகள் விழும், முடிந்தது. செப்சிஸில் இதே நாடகம் உடம்பு முழுக்க, ஒரே நேரத்தில், கோடிக்கணக்கான செல்களில் நடக்கிறது. டிஎன்எஃப் விரலில் இருக்கும்போது ரத்தக்குழாயைக் கொஞ்சம் கசியவிட்டு வெள்ளையணுக்கள் வெளியேற வழி செய்யும், அது நல்லது. உடம்பு முழுக்கக் கசிந்தால் ரத்த அழுத்தம் விழும், நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறையும், சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறும்.

அப்படியானால் டிஎன்எஃப்பைத் தடுத்துவிட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றியது. டிஎன்எஃப்பைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களை வைத்துப் பல பரிசோதனைகள் நடந்தன, எதுவும் செப்சிஸுக்கான மருந்தாக வந்து சேரவில்லை. டிஎல்ஆர்-4-ஐயே அடைக்கும் எரிடோரன் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை 2013-இல் வெளியானது, அதுவும் இறப்பைக் குறைக்கவில்லை. காரணங்கள் பல என்றாலும் ஒன்றை மேலே பார்த்த நேரக் கணக்கிலேயே பார்க்கலாம். தன்னார்வலர்களுக்குக் கொஞ்சம் எல்பிஎஸ் ஊசி போட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் டிஎன்எஃப் உச்சத்துக்குப் போனது சுமார் 90 நிமிடத்தில், அப்புறம் மளமளவென்று இறங்கிவிட்டது. நிஜ நோயாளியோ காய்ச்சல் வந்து, வீட்டில் மாத்திரை போட்டுப் பார்த்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார். அந்த நேரத்தில் டிஎன்எஃப்பைத் துரத்துவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

இங்கிருந்து கதை திரும்புகிறது. முதல் வேகம் அடங்கிய பிறகு செல்கள் பழையபடி ஆகிவிடுகின்றனவா? இல்லை.

1946-இல் பால் பீசன் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியைத் தினமும் போட்டுக் காய்ச்சலை அளந்துகொண்டிருந்தார். முதல் நாள் நல்ல காய்ச்சல். நாளாக ஆக, அதே ஊசிக்குக் காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது. உடம்பு பழகிவிட்டது. எண்டோடாக்சின் சகிப்பு என்று இதற்குப் பெயர் வந்தது. எண்டோடாக்சின் என்பது எல்பிஎஸ்ஸின் பழைய பெயர். வெகுகாலம் இதை 'செல் சோர்ந்துவிட்டது' என்றே புரிந்துவைத்திருந்தார்கள்.

2007-இல் ருஸ்லான் மெட்ஷிட்டோவின் ஆய்வகம் செய்தது எளிமையான பரிசோதனைதான். சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் செல்களை, அதாவது கிருமிகளை விழுங்கும் செல்களை, ஒரு நாள் எல்பிஎஸ்ஸில் வைத்துக் கழுவிவிட்டு, மறுபடி எல்பிஎஸ் கொடுத்து, எந்தெந்த ஜீன் எழுகிறது என்று பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சி ஜீன்கள் இரண்டாம் முறை எழவே இல்லை. ஆனால் கிருமியை நேரடியாகக் கொல்லும் சிறு புரதங்களின் ஜீன்கள், பாக்டீரியாவின் துணுக்கை மோப்பம் பிடிக்கும் எஃப்பிஆர்-1 ஜீன் போன்றவை ஜம்மென்று எழுந்தன, சில முதல்முறையைவிட அதிகமாகவே. செல் சோரவில்லை, தேர்ந்தெடுத்து மூடியிருக்கிறது. பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேதப்படுத்தும் ஜீன்களுக்குப் பூட்டு, கிருமியை மட்டும் தாக்கும் ஜீன்களுக்கு வழி.

பூட்டு எங்கே இருந்தது என்று பார்த்தால், மேலே சொன்ன சாக்பீஸ் குறிகளில். மூடிக்கொண்ட ஜீன்களின் தொடக்கப் பகுதியில் 'திறந்திரு' என்று சொல்லும் ஹிஸ்டோன் குறிகள் இரண்டாம் முறை வரவில்லை. திறந்திருந்த ஜீன்களில் அந்தக் குறிகள் அப்படியே நின்றன. தகவல் செல்லுக்குள் வந்து சேர்ந்தால்கூட அந்த இடத்து ஹிஸ்டோன்கள் வழிவிட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இந்தப் பூட்டு நல்ல ஏற்பாடு. செப்சிஸ் நோயாளியில் இது வாரக்கணக்கில் நீண்டுவிடும்போதுதான் சிக்கல். ஐசியுவில் செப்சிஸால் இறந்தவர்களின் மண்ணீரலை, இறந்த 30 முதல் 180 நிமிடத்துக்குள் எடுத்து ஆராய்ந்தார்கள், முடிவு 2011-இல் வெளியானது. அந்தச் செல்களைத் தூண்டிவிட்டு ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால், டிஎன்எஃப்பும் இன்டர்லூக்கின்-6-உம் செப்சிஸ் இல்லாத மற்றவர்களின் செல்கள் சுரப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கவனியுங்கள், அமைதிப்படுத்தும் இன்டர்லூக்கின்-10-உம் அவ்வளவு குறைவு. எரிந்துகொண்டே செத்தார்கள் என்று நாம் நினைத்தவர்களில் பலரின் செல்கள் எதற்குமே பதில் சொல்லாத நிலையில் இருந்திருக்கின்றன. முதல் தொற்றைத் தாண்டிவிட்ட நோயாளி இரண்டாவது வாரத்தில் வேறொரு கிருமியிடம் மாட்டிக்கொள்வது, சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட அவரை வீழ்த்துவது, இதெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

இந்த மூடலை உயிரோடு இருப்பவரிடம் அளக்க ஒரு வழி, மோனோசைட்டின் மேற்பரப்பில் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது. பிடித்த கிருமியின் துண்டை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களுக்குக் காட்ட உதவும் தட்டு அது. அதன் ஜீனை எழுப்ப சி2டிஏ என்ற முதலாளிப் புரதம் வேண்டும், செப்சிஸில் அதன் உற்பத்தியே விழுந்துவிடுகிறது, இன்டர்லூக்கின்-10-உம் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலும் சேர்ந்து தட்டுகளை இன்னும் குறைக்கின்றன. எச்எல்ஏ-டிஆர் நாளுக்கு நாள் ஏறினால் நல்ல அறிகுறி, ஏறாமலே கிடந்தால் புதுத் தொற்று வரும் ஆபத்து அதிகம். டி செல்களும் பெருமளவில் தாமாகவே மடிகின்றன, மிஞ்சுபவை பிடி-1 போன்ற அடக்கும் புரதங்களைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு சும்மா நிற்கின்றன.

இவ்வளவையும் படித்துவிட்டு 'முதலில் தீ, பிறகு சாம்பல்' என்று இரண்டு கட்டமாக மனதில் போட்டுக்கொள்ளத் தோன்றும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பெரிய விபத்தில் அடிபட்டவர்களின் வெள்ளையணுக்களை 28 நாட்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்து அந்தப் படத்தைக் கலைத்தது. ஜீன்களின் இயக்கத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தது, 'மரபணுப் புயல்' என்றே பெயர் வைத்தார்கள். முக்கியமானது என்னவென்றால், அழற்சி ஜீன்கள் ஏறுவதும் டி செல் சார்ந்த ஜீன்கள் இறங்குவதும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகவே நடந்தன. சீக்கிரம் தேறியவர்களிடமும் அதே ஜீன்கள்தான் மாறின. சிக்கலானவர்களிடம் மாற்றம் பெரிதாக இருந்தது, இறங்க நாளானது, அவ்வளவுதான். அது காயம், செப்சிஸ் இல்லை, ஆனால் குறைந்த அளவு எல்பிஎஸ் கொடுத்த தன்னார்வலர்களிலும் ஒத்த மாற்றங்கள் தெரிந்தன.

எலும்பு மஜ்ஜையைச் சொல்லாமல் விட்டால் ஒரு கேள்வி தொக்கி நிற்கும். மோனோசைட்டின் ஆயுளே சில நாட்கள்தான், குறி போட்ட செல் செத்துப்போனால் பூட்டும் அதோடு போக வேண்டாமா? செப்சிஸில் மஜ்ஜையும் அவசர நிலைக்குப் போய்விடுகிறது, முதிராத செல்களை அள்ளி அனுப்புகிறது, அவை வரும்போதே வேறு ஜீன் அமைப்போடு வருகின்றன. ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனித்தனியாகப் படிக்கும் முறையில் 2020-இல் வெளியான ஆய்வு, செப்சிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் எம்எஸ்1 என்றொரு மோனோசைட் நிலை பெருகியிருப்பதைக் காட்டியது. எச்எல்ஏ-டிஆர் குறைவு, ஐஎல்1ஆர்2 அதிகம். இந்த ஐஎல்1ஆர்2 ஒரு போலி வாங்கி: இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், செல்லுக்குள் தகவல் எதுவும் அனுப்பாது. மஜ்ஜையிலிருந்து எடுத்த தாய்ச்செல்களைத் தூண்டியே இந்த நிலையை ஆய்வகத்தில் உருவாக்கவும் முடிந்தது.

பூட்டைத் திறக்க முடியுமா என்றால், சில நேரம் முடிகிறது. செப்சிஸ் நோயாளிகள் சிலருக்கு, நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்பும் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைக் கொடுத்தபோது மோனோசைட்டின் எச்எல்ஏ-டிஆர் மீண்டு வந்தது என்று 1997-லேயே காட்டினார்கள். பூஞ்சைகளின் சுவரிலிருக்கும் பீட்டா-குளுக்கன், எல்பிஎஸ்ஸால் மூடிக்கொண்ட மோனோசைட்டுகளின் ஹிஸ்டோன் குறிகளைப் பெருமளவு பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது என்று 2016-இல் ஆய்வகத்தில் தெரிந்தது. (இதை வைத்து 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' காளான் பொடி விற்பவர்களை நம்ப வேண்டாம். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல் வேறு, ஐசியுவில் இருக்கும் ஆள் வேறு.)

யாருக்குத் திறக்க வேண்டும், யாருக்கு அடக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய பிரச்சினை. நுரையீரல் தொற்றால் செப்சிஸ் வந்து ஐசியுவில் இருந்தவர்களின் வெள்ளையணு ஆர்என்ஏவைப் படித்த பிரிட்டன் குழு ஒன்று, 2016-இல் அவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. எஸ்ஆர்எஸ்1 என்ற வகையில் செல்கள் மூடிக்கொண்ட சாயல், இறப்பு அதிகம். எஸ்ஆர்எஸ்2 வகையில் நோயெதிர்ப்பு ஓரளவு தெம்பாக இருந்தது. படுக்கையருகே நின்று பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி நோயாளிகள்தான். பிறகு ஒரு ஸ்டீராய்டு பரிசோதனையில் சேர்ந்தவர்களின் ரத்தத்தை இந்த வகைப்படி பிரித்துப் பார்த்தபோது, ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்ற எஸ்ஆர்எஸ்2 நோயாளிகளில், அது பெறாத எஸ்ஆர்எஸ்2 நோயாளிகளைவிட அதிகம் பேர் இறந்திருந்தது தெரிந்தது. ஸ்டீராய்டு என்ன செய்யும் என்று யோசித்தால் இதில் பெரிய ஆச்சரியமில்லை: அதுவும் உட்கருவுக்குள் போய் ஜீன்களைத் தொடுகிற மருந்துதான், ஐ-கப்பா-பி உட்படப் பல பிரேக் ஜீன்களை எழுப்புகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த செல்லுக்கும் பிரேக் விழுந்திருக்கலாம். பழைய தரவைத் திரும்பப் பிரித்துப் பார்த்து வந்த முடிவு இது, அதனால் இதை வைத்து இன்றைக்கே யாருக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவிட முடியாது. தவிர, திங்கட்கிழமை எஸ்ஆர்எஸ்2-இல் இருந்தவர் வியாழக்கிழமை எஸ்ஆர்எஸ்1-க்குப் போய்விடவும் கூடும், ஆக ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்ததோடு வேலை முடிவதில்லை.